கூரையை எங்கே வைக்கிறது?

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை, குர்காவ்ன் சிக்னல் ஒண்ணுல நின்னுட்டிருந்தோம். பக்கத்துல ஒரு பழைய பி.எம்.டபிள்யூ. இசட்4. ரெண்டே சீட்டு, நீள மூக்கு. ஓட்டினவர் என்ன நினைச்சாரோ, ஒரு பட்டனை அழுத்தினார். பின்னாடி டிக்கி வாயைப் பிளந்தது. தலைக்கு மேல இருந்த உலோகக் கூரை எழும்பி, ரெண்டா மடிஞ்சு, உள்ளே போய்ப் படுத்துக்கிச்சு. டிக்கி மூடிக்கிச்சு. மொத்தம் இருபது செகண்ட். சுத்தி இருந்த ஆட்டோக்காரங்க எல்லாம் வேடிக்கை.

எங்க வீட்டு வாண்டு கேட்டான்: "அப்பா, கூரை எங்கே போச்சு?"

"டிக்கிக்குள்ளடா."

"அப்போ பெட்டியை எங்கே வைப்பாங்க?"

ஊருக்குப் போறதுன்னா நாலு பெட்டி, ரெண்டு அரிசிப் பை, ஒரு ஊறுகாய் ஜாடின்னு டிக்கி நிறைச்சே பழகின குடும்பத்துப் பையன் வேற எப்படிக் கேட்பான்? ஆனா, யோசிச்சுப் பார்த்தா, கார் செய்யறவங்க தொண்ணூறு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டதும் இதே கேள்வியைத்தான். சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கு மடிக்கிற துணிக்கூரை நல்லதா, தானே மடியுற உலோகக் கூரை நல்லதாங்கிற சண்டையோட கதை இது. பொறுமையா படிங்க, நடுவுல ஒரு உயிர்த்தியாகம்கூட இருக்கு.

துணிதான் மூத்தது

கார் பிறந்தப்போ அதுக்குக் கூரையே கிடையாது. குதிரை வண்டியில இருந்து வந்த சாதிதானே. மழைக்கும் வெயிலுக்கும் வண்டி மேல ஒரு கித்தான் படுதா. அது அப்படியே காருக்கும் வந்தது. மூடின கார் சாதாரணமா ஆனது அப்புறம்தான். ஆனா சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் மட்டும் படுதாவை விடவே இல்லை. காரணம் சிம்பிள்: எடை கம்மி, விலை கம்மி.

நம்ம ஊர்ல துணிக்கூரைன்னா உடனே ஞாபகம் வர்றது மாருதி ஜிப்ஸி. 1985ல வந்தது, துணிக்கூரையோட ஒண்ணு, கெட்டிக் கூரையோட ஒண்ணுன்னு ரெண்டு தினுசாவும் கிடைச்சுது. அதுல போனவங்களுக்குத் தெரியும், துணி படபடன்னு அடிக்கிற சத்தத்துல பக்கத்துல இருக்கறவர் பேசுறது காதுல விழாது.

பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள் ரொம்ப நாள் அதைவிட மோசம். எம்.ஜி. கம்பெனியோட டி வரிசை கார்கள்ல கதவுக்குக் கண்ணாடியே கிடையாது. மழை வந்தா துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு தட்டியைக் கதவு மேல சொருகணும். 1962ல வந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ல கதவுக் கண்ணாடி இருந்தது, ஆனா கூரை மடியாது. கம்பிச் சட்டம் தனி, துணி தனி. வண்டியை ஓரங்கட்டி, டிக்கியில இருந்து எடுத்து, சட்டத்தைப் பொருத்தி, துணியை இழுத்து, பட்டனை மாட்டணும். அதுக்குள்ள மழை நின்னிருக்கும். சட்டத்தோட சேர்ந்து மடியுற கூரை 1967ல மூணாவது மாடல்லதான் வந்தது.

இந்த ஸ்பிட்ஃபயர் நமக்கு ஒரு வகையில சொந்தம். அது டிரையம்ஃப் ஹெரால்டோட சட்டத்தை வெட்டிக் குட்டையாக்கி அது மேல கட்டின கார். அந்த ஹெரால்டைத்தான் 1961ல இருந்து சென்னையில, பெருங்களத்தூர் பக்கம், ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி தயாரிச்சுது. தாம்பரம் தாண்டி பஸ்ஸுல போன அந்தக் காலத்து ஆட்களுக்கு "ஸ்டாண்டர்ட் கம்பெனி"ன்னா தெரியும். ரெண்டு காருக்கும் உருவம் வரைஞ்சவரும் ஒருத்தரே: இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோத்தி.

துணியிலேயே கெட்டிக்காரத்தனம் காட்டினது இத்தாலிக்காரங்க. 1966ல வந்த ஃபியட் 124 ஸ்பைடர்ல சீட்டுல உட்கார்ந்தபடியே கையைப் பின்னாடி நீட்டிக் கூரையை இழுத்து மூடலாம். அதை விட்டு இறங்க வேண்டாம்ங்கறதே அன்னிக்குப் பெரிய விஷயம்.

குளிர் தாங்காதவங்களுக்கு இன்னொரு வழி இருந்தது. கழற்றி மாட்டுற கெட்டிக் கூரை. 1955ல வந்த ஃபோர்டு தண்டர்பேர்டுக்கே அப்படி ஒரு ஃபைபர் கூரை உண்டு. குளிர்காலம் வந்தா ரெண்டு பேர் பிடிச்சுத் தூக்கி மாட்டணும், வசந்தம் வந்தா கழற்றி கார் ஷெட்ல வைக்கணும். சிக்கல் என்னன்னா, வெயில்னு நம்பிக் கழற்றி வெச்சுட்டுக் கிளம்பினா, நாப்பது கிலோமீட்டர் தாண்டி மழை பிடிக்கும். கூரை வீட்டுல இருக்கும், நீங்க நனைஞ்சுட்டிருப்பீங்க.

சரி, கெட்டிக் கூரையைக் கூடவே எடுத்துட்டுப் போக முடியாதா?

பல் தொழிலில் இருந்து ஒருத்தர்

முடியும்னு 1920களோட தொடக்கத்துலேயே அமெரிக்காவுல பென் எல்லர்பெக்னு ஒருத்தர் யோசிச்சார். மாதிரியோட நின்னுபோச்சு. அதை ரோட்டுக்குக் கொண்டுவந்தவர் ஃபிரான்ஸ்ல பல் மருத்துவத் தொழில்ல இருந்த ஜார்ஜ் போலான். பல் வேலை பார்த்துக்கிட்டே கார் உருவங்கள் வரைஞ்சவர். 1930களோட தொடக்கத்துல, கூரை முழுசா பின்னாடி நகர்ந்து டிக்கிக்குள்ள மறையுற அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். பேரு "எக்லிப்ஸ்". கிரகணம்! சூரியன் மறையுற மாதிரி கூரை மறையுது. என்ன பொருத்தமான பேரு பாருங்க.

பாரிஸ்ல பெஜோ கார் விற்பனையாளரா இருந்த எமில் டார்ல்மா, கார் உடல் கட்டுற மார்செல் பூர்தூ, போலான் மூணு பேரும் சேர்ந்தாங்க. 1934ல பெஜோ 401, 601 கார்கள் எக்லிப்ஸ் கூரையோட வந்தது. அடுத்து பெஜோவே அந்த உரிமையை வாங்கி 402ல வெச்சாங்க. முதல்ல மின்சார மோட்டார். அன்னிக்கு பேட்டரிக்கு அந்தப் பாரம் தாங்கலை. அதனால பெரும்பாலான 402 எக்லிப்ஸ்கள் கையால தள்ளுற கூரையோட விற்பனையாச்சு. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னாடியே இந்தக் கூரையோட பலவீனம் வெளிய வந்துடுச்சு: மேல இருக்கறதை மறைக்கணும்னா கீழே ஒரு எந்திரசாலை வேணும்.

போலானுக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கன்னா மனசு கனத்துடும். ஜெர்மனி ஃபிரான்ஸைப் பிடிச்சப்புறம், அவர் பிரிட்டிஷ் உளவுத்துறைக்காக ரகசியமா வேலை பார்த்தார். காட்டிக்கொடுக்கப்பட்டு மாட்டிக்கிட்டார். 1942 மார்ச்சுல நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்னாங்க. சுமார் நாப்பது வயசுதான். இன்னிக்குப் பட்டனை அழுத்தி வேடிக்கை காட்டுற ஆட்கள்ல எத்தனை பேருக்கு அந்தப் பேரு தெரியும்?

ஃபோர்டோட 600 அடி ஒயர்

போருக்கு அப்புறம் இந்த யோசனையைப் பிடிச்சது ஃபோர்டு. 1957ல ஃபேர்லேன் 500 ஸ்கைலைனர். ஸ்போர்ட்ஸ் கார் இல்லை, ஆறு பேர் உட்கார்ற அமெரிக்கக் கப்பல். ஆனா கூரைக் கதையில இதை விட முடியாது.

கூரை அவ்வளவு நீளம், டிக்கி கொள்ளாது. அதனால கூரையோட முன்பக்கம் மட்டும் ஒரு கீல்ல மடங்கிக்கும். இதை நடத்த 7 மோட்டார், 10 ரிலே, 10 சுவிட்ச், 600 அடிக்கும் மேல ஒயர். கம்ப்யூட்டர் ஒண்ணும் கிடையாது. ஒரு வேலை முடிஞ்சா அங்க இருக்கிற சுவிட்ச் தட்டுப்படும், அது அடுத்த மோட்டாரைக் கிளப்பும். நம்ம ஊர் கல்யாணத்துல ஒருத்தர் சொன்னாத்தான் அடுத்தவர் நகர்வார்னு இருக்கே, அதே மாதிரி. நடுவுல ஒருத்தர் தூங்கிட்டா பந்தி நின்னுடும்.

பெட்ரோல் டேங்கைக்கூட இடம் மாத்திப் பின்சீட்டுக்குப் பின்னாடி நிறுத்தி வெச்சாங்க. சாமான் வைக்க டிக்கி நடுவுல ஒரு சின்னத் தொட்டி. மடிஞ்ச கூரைக்கு அடியில இருக்கிற அந்தத் தொட்டியில பெட்டியைத் திணிக்கறதும் எடுக்கறதும் பெரிய பாடு. எங்க வீட்டு வாண்டோட கேள்வியை 1957லயே அமெரிக்கக் குடும்பங்கள் கேட்டிருக்கும். மூணு வருஷத்துல சுமார் 48,000 கார் வித்து, 1959ல நிறுத்திட்டாங்க. அடுத்த முப்பது வருஷம் உலோகக் கூரை பக்கம் பெரிய கம்பெனி யாரும் போகலை.

ஜப்பானில் ஒரே வருஷத்துல ரெண்டு பதில்

1989ல மாஸ்டா எம்.எக்ஸ்-5 வந்தது. பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரோட சந்தோஷம், ஆனா ஒழுகாம, நின்னுபோகாம. கூரை துணிதான். ரெண்டு கொக்கியை விடுவிச்சு ஒரு கையால பின்னாடி தள்ளினா போதும். சீட்டுக்குப் பின்னாடி மடிஞ்சு உட்காரும், டிக்கி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. ஒரே குறை, பின்கண்ணாடி பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து கீழே இறக்கிட்டுத்தான் மடிக்கணும். சோம்பேறித்தனமா அப்படியே மடிச்சா கோடு விழும், நாளாக மஞ்சளாகும். 1998ல ரெண்டாவது மாடல்ல நிஜக் கண்ணாடி வந்ததும் அந்தத் தலைவலி போச்சு.

1991ல ஜப்பானோட குட்டிக் கார் வகையில ரெண்டு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. அந்த வகைக்கு அன்னிக்குச் சட்டம்: நீளம் 3.3 மீட்டர், அகலம் 1.4 மீட்டர், என்ஜின் 660 சி.சி.க்குள்ள. ஹோண்டா பீட், துணிக்கூரை. சுஸுகி கப்பச்சினோ, கெட்டிக் கூரை. ஆமா, மாருதிக்காரங்களோட அதே சுஸுகி. கப்பச்சினோ கூரை மூணு துண்டா கழலும், டிக்கியில அடுக்கிக்கலாம்; பின்கண்ணாடிச் சட்டம் சீட்டுக்குப் பின்னாடி கீழே இறங்கிக்கும். மோட்டார் கிடையாது, கையால கழற்றணும். எடை கூடலை. ஆனா கூரையை அடுக்கினப்புறம் டிக்கியில ஒரு டிபன் பாக்ஸ் வைக்கவே யோசிக்கணும்.

ஒரே வருஷம், ஒரே அளவு, ரெண்டு பதில். துணின்னா எடையும் இடமும் மிச்சம். உலோகம்னா நிம்மதி மிச்சம். அன்னிக்கும் இன்னிக்கும் கணக்கு இதுதாங்க.

பட்டன் ஜெயிச்ச காலம்

1996ல மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வந்து கதையைத் திருப்பிப் போட்டது. ரெண்டு சீட்டு, பட்டனை அழுத்தினா 25 செகண்ட்ல கூரை உள்ளே. ஃபோர்டுக்கு முடியாதது இவங்களுக்கு எப்படி முடிஞ்சுது? மோட்டாருக்கு மோட்டார் கத்திச் சொல்ற ரிலேக்களுக்குப் பதிலா, எண்ணெய் அழுத்தத்துல இயங்குற சிலிண்டர்களும், யார் எங்க இருக்காங்கன்னு பார்த்துக்கற மின்னணு மூளையும். அதுக்குள்ள எலக்ட்ரானிக்ஸ் விலை சரிஞ்சிருந்தது.

அதோட, ஐரோப்பாவுல துணிக்கூரைக்கு ஒரு பயம் எப்பவும் உண்டு: கத்தி. ராத்திரி தெருவுல நிறுத்தினா துணியைக் கிழிச்சு உள்ளே கை விடுவாங்க. கிழிக்கிற செலவைவிடத் திருட்டே மேல்னு கதவைப் பூட்டாமலே விட்டுட்டுப் போற ஆட்கள் உண்டு! உலோகக் கூரைக்கு அந்தப் பயமில்லை. குளிர்காலத்துல கதகதப்பு, நெடுஞ்சாலையில அமைதி.

அப்புறம் வரிசை கட்டி வந்தாங்க. 2000களோட தொடக்கத்துல பெஜோ 206 சி.சி., அதாவது போலானோட பழைய கம்பெனியே சின்னக் கார்ல, நடுத்தர விலையில. 2002ல 659 சி.சி. டைஹாட்ஸு கோப்பென். அந்தத் தீப்பெட்டிக்குக்கூட மின்சாரக் கூரை! 2005ல நிஸான் மைக்ராவுலகூட வந்தது. இதுகளைப் பின்னாடி இருந்து பார்த்தா ஒரு ஒற்றுமை தெரியும். எல்லாத்துக்கும் பின்பக்கம் கனம். கூரையும் உள்ளே போகணும், டிக்கி மூடியும் மேல உட்காரணும்னா, பின்பக்கம் பெருத்துத்தான் ஆகணும். கூரை குட்டையா இருந்தாத்தான் மடியும்ங்கறதால முன்கண்ணாடியைத் தலைக்கு மேல வரைக்கும் இழுத்துவிட்டாங்க. திறந்த கார்னு வாங்கி, பாதி வானத்தைக் கண்ணாடி வழியாப் பார்த்தாங்க மக்கள்.

84 கிராமும் 37 கிலோவும்

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். 2005ல மூணாவது எம்.எக்ஸ்-5. மாஸ்டா பொறியாளர்கள் "கிராம் கணக்கு"ன்னு ஒரு கொள்கையே வெச்சிருந்தாங்க. எந்தப் பாகத்துலயும் கிராம் கிராமா குறைக்கணும். பின்னாடி பார்க்கிற உள்கண்ணாடியில மட்டும் 84 கிராம் குறைச்சாங்கன்னா பார்த்துக்கங்க. தங்கக் கடைத் தராசு தோத்துடும்.

அடுத்த வருஷம், 2006ல, அதே காருக்கு மடியுற கெட்டிக் கூரை வந்தது. கூடுதல் எடை சுமார் 37 கிலோ. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 440 கண்ணாடியில மிச்சம் பிடிச்ச எடை ஒரே பட்டன்ல போச்சு!

ஆனா அவங்களைக் குறை சொல்ல மனசு வரலை. ஏன்னா வாண்டோட கேள்விக்கு முதல் தடவையா உருப்படியான பதில் சொன்னது அவங்கதான். கூரையை மூணு துண்டா, பிளாஸ்டிக் கலவையில லேசா செஞ்சு, துணிக்கூரை மடியுற அதே இடத்துல, சீட்டுக்குப் பின்னாடி அடக்கிட்டாங்க. டிக்கியில ஒரு லிட்டர்கூடக் குறையலை. மூட, திறக்க 12 செகண்ட்தான். வேற கார்கள்ல கூரை டிக்கியைச் சாப்பிட்டுது. இங்க அது துணியோட இடத்துலயே அடங்கிடுச்சு.

துணி திரும்பி வந்தது

2009ல ரெண்டு சம்பவம். அந்த வருஷம் வந்த இசட்4, முந்தின மாடலோட துணியை விட்டுட்டு உலோகக் கூரைக்கு மாறிச்சு. நாங்க சிக்னல்ல பார்த்தது அந்த வகைதான். அதே வருஷம், பல கம்பெனிகளுக்குக் கூரை செஞ்சு கொடுத்த ஜெர்மனியோட பழம்பெரும் கார்மன் கம்பெனி திவாலாச்சு. உலகப் பொருளாதாரம் சரிஞ்ச நேரம், ஆடம்பரத்துக்குக் காசு ஏது?

அப்புறம் மெல்ல மெல்லத் திரும்பினாங்க. 2015ல வந்த நாலாவது எம்.எக்ஸ்-5 துணிதான்; ஜப்பான்ல எடை குறைஞ்ச மாடல் 990 கிலோ. கெட்டிக் கூரை கேட்டவங்களுக்காக 2016ல ஆர்.எஃப். காட்டினாங்க. சுமார் 45 கிலோ கூடுதல், 13 செகண்ட். ஆனா அதுல நடுக்கூரை மட்டும் உள்ளே போகும், பின்தூண்கள் நிக்கும். அழகா இருக்கு, முழு வானம் கிடையாது. 2018ல அடுத்த இசட்4 மறுபடியும் துணிக்கு வந்தது. 10 செகண்ட், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் ஓடிக்கிட்டே மூடலாம், கூரை மேல இருந்தாலும் கீழே இருந்தாலும் டிக்கி 281 லிட்டர். 2020ல எஸ்.எல்.கே.யோட வாரிசு நின்னுபோச்சு. 2021ல மெர்சிடிஸோட பெரிய எஸ்.எல்.கூட உலோகத்தை விட்டுத் துணிக்கு வந்து 21 கிலோ குறைச்சுது.

ஏன்? துணி வளர்ந்துடுச்சு. இப்போ வர்ற கூரை ஒத்தைப் படுதா இல்லை; வெளித்துணி, நடுவுல ரப்பரும் சத்தம் தடுக்கிற பஞ்சும், உள்ளே ஒரு அழகுத்துணின்னு பல அடுக்கு. அமைதிக்கும் கதகதப்புக்கும் உலோகம்தான் வழிங்கற நிலைமை மாறிடுச்சு. இன்னொரு பக்கம், புகைச் சட்டம் இறுக இறுக ஒவ்வொரு கிலோவும் பாரம். அந்தக் கிலோ ஒவ்வொண்ணும் உயரத்துல இருந்தா வளைவுல கார் சாயும். மடிச்சா பின்சக்கரத்து மேல போய் உட்காரும். சின்னக் காருக்கு ரெண்டுமே உறுத்தல்.

நமக்கு எது?

நாக்பூர் வெயிலும், மும்பை மழையும், டில்லித் தூசியும் பார்த்தவங்க "கெட்டிக் கூரைதான்"னு சொல்வீங்க. நியாயம்தான். தெருவுல நிறுத்துற ஆளா இருந்தா நானும் அதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா காரை இருபது வருஷம் வெச்சுக்கணும்னு நினைச்சீங்கன்னா யோசிங்க. துணி நைஞ்சா மாத்திடலாம். ஓட்டு வீட்டுக்கு ஓடு மாத்தற மாதிரி ஒரு செலவு, முடிஞ்சது. மடியுற உலோகக் கூரைக்கு வயசானா எண்ணெய் சீல் கசியும், சென்சார் பொய் சொல்லும், பாதியில நிக்கும். அதைப் பழுது பார்க்கத் தெரிஞ்சவரைத் தேடணும். ரெண்டு வகைக்கும் பொதுவா ஒண்ணு: மழைத்தண்ணி வடியுற ஓட்டைகளை வருஷத்துக்கு ரெண்டு தடவை சுத்தம் பண்ணணும். இலை அடைச்சா தண்ணி உள்ளே தேங்கித் துருப்பிடிக்கும். நம்ம மொட்டைமாடிக் குழாய் கதையேதான்.

போலான் கண்ட கனவு, கூரையை விட்டுட்டும் போகக்கூடாது, சுமந்த மாதிரியும் தெரியக்கூடாதுங்கறது. அதுல முதல் பாதியை அவரே சாதிச்சுட்டார். ரெண்டாம் பாதிக்குத் தொண்ணூறு வருஷமா முட்டி மோதி, பாதிப்பேர் படுதாவுக்கே திரும்பிட்டாங்க. மனுஷனோட யோசனை தோத்துதுன்னு நான் சொல்ல மாட்டேன். அந்தப் பந்தயத்துல துரத்தி வந்ததாலதான் துணியும் இவ்வளவு தேறிச்சு.

இதையெல்லாம் அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது விலாவாரியா வாண்டுக்குச் சொன்னேன். கவனமாக் கேட்டுட்டு, "சரிப்பா, பெட்டியை எங்கே வைப்பாங்கன்னு நீ சொல்லவே இல்லையே?"ன்னான்.

"இவரு பெட்டி பத்தி எங்கே யோசிச்சிருக்காரு? கட்டி ஏத்தறது நான்தானே!"ன்னு உள்ளேயிருந்து தங்கமணி குரல்.

தீர்ப்பு சொல்லியாச்சு. எங்க வீட்டுக்கு டிக்கிதான் முக்கியம்.